ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண்ணா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் பலர் ஒரே ஆவணத்தில் கூடி எழுத உதவும் இணையக் கருவிகளைப் பள்ளிகள் பயன்படுத்தத் தொடங்கியிருப்பது நல்லதுதான். ஆனால் யார் எதை எப்போது மாற்றினார் என்று காட்டும் திருத்த வரலாறு என்னும் அவற்றின் உயிரான பகுதியை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை என்பதே என் குறை.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியும் அவளுடைய வகுப்புத் தோழர்கள் நால்வரும் சென்ற பருவத்தில், பெற்றோரின் கைப்பேசிகளிலிருந்து, கடலூரைத் தாக்கிய ‘தானே’ புயலைப் பற்றி கூகுள் டாக்ஸில் ஒரு செயல்திட்டம் எழுதினார்கள். புயல் டிசம்பர் 29 அன்று கரையைக் கடந்தது என்று ஒருவன் எழுத, என் பேத்தி அதை 30 என்று திருத்த, அவன் மீண்டும் 29 ஆக்க, அந்த எண் ஒரே மாலையில் இரண்டு முறை மாறியது. தன் வீட்டு ஓடுகள் பறந்தது 29ஆம் தேதி இரவு என்று பாட்டி சொன்னதை அவன் நம்பினான். இவள் பழைய செய்தித்தாளை நம்பினாள். முடிவில், 29 இரவே காற்று வலுத்துவிட்டது என்றும், 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே புயல் கரையேறியது என்றும் இருவர் சொன்னதற்கும் இடம் தரும் ஒரு வாக்கியம் பிறந்தது. வாய்மொழிச் சான்றையும் அச்சுச் சான்றையும் ஒப்பிடும் வரலாற்றுப் பாடத்தை அவர்கள் தாமாகவே படித்துவிட்டார்கள்!

இவ்வளவும் யார், எந்த நிமிடத்தில் செய்தார் என்ற விவரத்தோடு ஆவணத்தின் திருத்த வரலாற்றில் இருக்கிறது. பள்ளி கேட்டதோ, சுருள்கம்பி போட்ட வண்ண அச்சுப் பிரதி. ஒரு வரிகூட எழுதாத பிள்ளை உட்பட ஐவருக்கும் ஒரே மதிப்பெண் கிடைத்தது.

பள்ளிக் கணினி ஆய்வகத்திலேயே எழுத வைத்தாலும் வேறு சிக்கல் வருகிறது. ஆசிரியர் ஒருவரின் கைப்பேசி எண்ணில் தொடங்கிய ஒரே கணக்கில் வகுப்பு முழுவதும் நுழைந்தால், வரலாறு முழுவதும் அவர் பெயரே நிற்கும். இதற்கு எளிய மாற்று உண்டு. ஈதர்பேட் என்னும் கட்டற்ற மென்பொருளை ஆய்வகக் கணினி ஒன்றில் நிறுவிவிட்டால், இணையம் அறுந்தாலும் உள் வலையமைப்பிலேயே அது இயங்கும். மாணவருக்குத் தனிக் கணக்கோ மின்னஞ்சலோ வேண்டாம். ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு வண்ணத்தில் தெரியும். ஆவணம் வளர்ந்த விதத்தை முதல் எழுத்திலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பெயர் கேட்கும் இடத்தில் பிள்ளைகள் நடிகர்களின் பெயரைப் போட்டுக்கொள்வார்கள் என்பதால், வருகைப் பதிவேட்டு எண்ணை இடச் சொல்வது நல்லது. கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய உதவும் தமிழ்99 விசைப்பலகைப் பயிற்சியும் முன்னதாகவே வேண்டும். எழுத்தைத் தேடித் தட்டுகிற பிள்ளைக்குச் சக மாணவரின் வரியைத் திருத்தப் பொறுமை இருக்காது.

பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டில் குழுச் செயல்திட்டத்துக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியையாவது, திருத்த வரலாற்றைப் பார்த்துத் தனித்தனியே வழங்குமாறு பள்ளிக் கல்வித்துறை ஆசிரியர்களுக்கு அறிவுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.