பாய்லர் கல்லைக் குழியில் கொட்ட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பனை ஆலை பாய்லரில் 26 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் ஊர் ஊத்தான் மெலிந்தாங்கில் கோயில் மண்டபத்தை நீட்டிக் கட்டப் போகிறார்கள். நல்ல காரியம். போன மாதக் கூட்டத்தில் சிமெண்ட், மணல், ஜல்லிக் கணக்கை வாசித்தபோது எனக்கு மனம் கேட்கவில்லை. எழுந்து இரண்டு வார்த்தை சொன்னேன். நேரமாகிவிட்டது என்று உட்கார வைத்துவிட்டார்கள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பாய்லரில் நாங்கள் எரிப்பது பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும்தான். எரிந்து முடிந்தால் அடியில் சாம்பல் தங்கும். அதோடு, சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய கட்டிகளும் இருக்கும். கிளிங்கர் என்போம். நீளக் கம்பியால் குத்தி இழுத்துப் போட வேண்டும், முகமெல்லாம் காந்தும். ஆறிய பிறகு கையில் எடுத்துப் பாருங்கள். பார்வைக்குக் கருங்கல், ஆனால் கனமே இருக்காது. உடைத்தால் உள்ளே தேன்கூடு மாதிரி துளைகள். இதை லோரியில் ஏற்றித் தோட்டத்துச் சாலைக் குழிகளில் கொட்டுவோம், மற்றது ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். எத்தனை வருடம் நானே கொட்டியிருக்கிறேன்!

அந்தக் கல்லை உடைத்துச் சலித்து, ஜல்லிக்குப் பதிலாகப் போட்டு, எடை குறைந்த கான்கிரீட் செய்ய முடியும் என்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களே சோதித்துக் காட்டிவிட்டன. கொட்டை ஓட்டிலும் செய்திருக்கிறார்கள். மலேசியா சபா பல்கலைக்கழக வளாகத்தில் 2003-இல் ஓடு கலந்த கான்கிரீட்டால் ஒரு சின்ன வீடே கட்டினார்கள். ஆனால் கொட்டை ஓட்டை நாம் கேட்டுப் பயனில்லை என்பது என் எண்ணம். ஜப்பானின் மின்நிலையங்கள் எரிபொருளாக வாங்குவதால் அதற்கு நல்ல விலை இருக்கிறது, முதலாளி கொடுக்க மாட்டார். கிளிங்கருக்கும் சாம்பலுக்கும் அந்தப் போட்டி இல்லை. சாம்பலைச் சலித்து மாவாக அரைத்தால் சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து அதைச் சேர்க்கலாம். சாம்பலில் இருக்கும் சிலிக்கா, சிமெண்டிலிருந்து வரும் சுண்ணாம்போடு சேர்ந்து தானும் பசையாகிவிடும். சலிக்காமல், அரைக்காமல் அப்படியே கொட்டிக் கலந்தால் கெட்டது, அதிலுள்ள கரித்துண்டுகள் வலுவைக் குறைக்கும்.

கனம் குறைவதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் கீழ்ப் பேராக் மண் அப்படி. தெலுக் இந்தானில் 1885-இல் கட்டிய கோபுரம் ஏன் சாய்ந்து நிற்கிறது? அடியில் மண் இளகல், மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம். நம் மண்டபத்துப் பழைய தரை ஒரு பக்கம் இறங்கி வெடித்திருப்பதை எல்லோரும் மிதித்துக்கொண்டுதான் போகிறோம். இந்த மண்ணில் சுவரின் பாரம் குறைந்தால் அதுவே பெரிய உதவி.

அப்புறம் சிமெண்ட். ஈப்போ பக்கம் போகும்போது பாதி வெட்டிய சுண்ணாம்புக்கல் மலைகளைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்டுக்காக அந்த மாதிரிக் கல்லை 1,450 டிகிரி வரை சுடுகிறார்கள். எரிபொருளின் புகை போதாதென்று கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு கிளம்புகிறது. உலகம் முழுதும் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டால் வருவது. ஒரு மண்டபத்தில் பத்து மூட்டை குறைந்தாலும் எனக்கு அது கணக்குத்தான்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், “குப்பையை வைத்தா சாமிக்குக் கட்டுவது?” என்று வருத்தப்பட்டார். ஐயா, சாணத்தைச் சுட்ட சாம்பலைத்தானே தினமும் நெற்றியில் பூசிக்கொள்கிறோம்.

தூணையும் உத்திரத்தையும் இதில் கட்டச் சொல்லவில்லை, அது இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டியது. சுவர்க்கல், முற்றத்துத் தரைக்கல், கால்வாய் மூடி, இவற்றில் தொடங்கலாம். கிளிங்கர் தண்ணீர் குடிக்கும், அதனால் முதலிலேயே நனைத்து வைக்க வேண்டும். கல் அறுத்து 28 நாள் கழித்துப் பரிசோதனைக் கூடத்தில் நசுக்கிப் பார்த்து, தாங்கினால் மட்டும் பயன்படுத்தட்டும். நகராண்மைக் கழகமும் நடைபாதை, கால்வாய் டெண்டர்களில் இந்தக் கல்லுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கல் அறுக்க நம் பிள்ளைகள் துணிவார்கள். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய பிறகு, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டமே வாங்கியவர்கள் நம் பெற்றோர். ஒரு கல் அறுக்கும் பட்டறை போட நம்மால் முடியாதா?

பழைய ஆலை நண்பர்களிடம் கேட்டு இரண்டு சாக்குக் கிளிங்கர் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். மண்டபக் குழுவினர் ஒரு கையில் அதையும் மறு கையில் ஜல்லியையும் தூக்கிப் பார்த்துவிட்டு டெண்டரைக் கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் தொழிலாளி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.