டீசல் பில்டர் பற்றிச் சுற்றும் குரல் பதிவு: எங்கள் பிக்கப் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காசிமேடு, எண்ணூர், மணலிப் பக்கம் பிக்கப் வைத்திருக்கிற பலருக்கும் அந்த வாட்ஸ்அப் குரல் பதிவு இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். தண்டையார்பேட்டையில் நம் கடையில் வாங்கின டீசல் பில்டர் டூப்ளிகேட், அதைப் போட்டதால்தான் வண்டியின் டீசல் பம்ப் போய்விட்டது என்று அதில் ஒருவர் சொல்கிறார். நம்மிடம் நெடுநாளாக வருகிறவர்தான். பம்பும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் சேர்ந்து போனால் எவ்வளவு செலவு என்று எங்களுக்குத் தெரியும், அவர் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் டூப்ளிகேட் விற்றோம் என்கிற பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. ஸ்பேர் கடைக்கு அந்த ஒரு சொல் போதும், வியாபாரம் படுத்துவிடும்.

நடந்தது இதுதான். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அவர் கடைக்கு வந்தார். அவர் முன்னாலேயே பில்டருக்கு அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, வெறும் சோடா பாட்டிலில் பிடித்தோம். சற்று நேரம் அசையாமல் வைத்ததும் மேலே டீசல், கீழே தண்ணீர் என்று தனியாகப் பிரிந்தது. தண்ணீருக்கும் அடியில் செம்பழுப்பாகத் துரு. அப்புறம் பில்டரை ஹாக்ஸா பிளேடால் அறுத்துத் திறந்தோம். மடிப்புக் காகிதம் எங்கும் கிழியவில்லை, பசை விடவில்லை. மேலே அச்சடித்த பேட்ச் நம்பர், நாங்கள் சரக்கு எடுத்த பில்லோடு ஒத்துப்போனது. அந்த பில்டரும் பில்லும் இன்றும் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? அது மீன் லோடு வண்டி. தினமும் லோடு இறக்கியதும் பிரஷர் பம்ப் வைத்துக் கழுவுவார்கள். டீசல் டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வழியாக நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. டீசலில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு டேஷ்போர்டில் எரிந்ததாம், சென்சார் கோளாறு என்று விட்டுவிட்டார்களாம். பில்டர் குறிப்பிட்ட அளவு தண்ணீரைத்தான் பிரித்து அடியில் தேக்கும். அது நிரம்பியும் வடிக்காவிட்டால், எந்தக் கம்பெனி பில்டராக இருந்தாலும் தண்ணீர் தாண்டிப் போகத்தான் செய்யும்.

இன்னொன்றும் உண்டு, இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். வீட்டில் பில்டர் மாற்றும்போது, ஏர் லாக் ஆகாமல் (டீசல் போகும் வழியைக் காற்று அடைக்காமல்) இருக்கப் புது பில்டரில் கேன் டீசலை ஊற்றி நிரப்பிவிட்டு மாட்டியிருக்கிறார்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் அது வழக்கம், எங்கள் அப்பா காலத்தில் இங்கேயே அப்படித்தான் செய்தார்கள். மிக அதிக அழுத்தத்தில் டீசலை இன்ஜெக்டருக்கு அனுப்பும் காமன் ரெயில் வண்டிக்கு அது ஆகாது. நடுத்துளையில் ஊற்றும் டீசல் வடிகட்டாமலே நேராகப் பம்புக்குப் போகிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் 2 பார் சொச்சம். காமன் ரெயிலில் 1600 பாரும் அதற்கு மேலும் போகும். அந்தப் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது, டீசல்தான் அதற்கு வழவழப்பு. தண்ணீரோ தூசியோ கலந்தால் உலோகம் உலோகத்தோடு உரசி, அந்தப் பொடி இன்ஜெக்டர் வரைக்கும் போய் அடைக்கும். பில்டரைக் காலியாகவே மாட்டி, கை பிரைமரை (டீசலை ஏற்றக் கையால் அமுக்கும் சிறு பம்பை) அது கெட்டியாகும்வரை அமுக்க வேண்டும். டேங்கில் எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டி என்றால், ஸ்டார்ட் செய்யாமல் சாவியைச் சில வினாடி ஆன் செய்து ஆஃப் செய்து, இரண்டு மூன்று தடவை விட்டால் போதும். பில்டர் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறோம். அவசரத்தில் காதில் விழாமல் போயிருக்கலாம், அதனால் இனிமேல் டப்பாவோடு ஒரு சீட்டும் வைக்கிறோம்.

மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை வடிகால் திருகைத் திறந்து, சுத்த டீசல் வரும்வரை விடுங்கள். ராத்திரி நிறுத்தும்போது டேங்க் காலியாகக் கிடக்க வேண்டாம், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் வியர்த்து டீசலில் சேரும். மீன் வண்டிக்காரர்கள் சேஸிஸ், பட்டை ஸ்பிரிங், பிரேக் பைப் எல்லாவற்றையும் அடியிலிருந்து நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஐஸோடு வடிகிற உப்புத் தண்ணீர் முதலில் தின்பது பிரேக் பைப்பைத்தான். கழுவும்போது டேங்க் மூடிப் பக்கம் பீய்ச்ச வேண்டாம்.

வண்டியை மேம்படுத்தச் சொல்லி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெக்குக்குத் தகடு அடிப்பது, அடியில் துரு தடுக்கும் பூச்சு, சரியான லோடு ரேட்டிங் உள்ள டயர், இவையெல்லாம் நல்ல செலவு. புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இஜிஆரை அடைப்பது, புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃபைக் கழற்றுவது, முன்னால் இரும்பு பம்பர் கட்டுவது எதையும் நாங்கள் செய்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை, எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போகும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான். காசிமேட்டுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் மட்டுமே ஓடுகிற வண்டியில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால், வெளிவட்டச் சாலையில் சீரான வேகத்தில் ஓர் இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கரி எரிந்து விளக்கு அணையும். டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கிவிடும்.

விலை பற்றியும் கேட்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த கிளட்ச், பிரேக் பாகங்களுக்கு அன்றைக்கே பில்லில் குறைத்தோம். எஞ்சின் ஆயிலுக்கு முன்பும் 18தான், இப்போதும் 18தான். அதில் குறைக்க எங்கள் கையில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து வேலை பார்த்த எங்கள் மூத்த மெக்கானிக் சொந்த ஊருக்கே போய்விட்டதால், அடுத்த மாதம் முதல் வீட்டு சர்வீஸ் சனிக்கிழமை மட்டும், கட்டணம் 350க்குப் பதில் 500.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடைக்குள் தண்ணீர் ஏறியபோது, சொந்த வண்டியை நனையவிட்டு வந்து எங்கள் சரக்கைப் பரணில் ஏற்றிக் கொடுத்தவர்கள் நீங்கள். குரல் பதிவு வந்த அன்றும், நம்பாமல் நேரில் வந்து என்ன விஷயம் என்று கேட்டவர்கள் அதே ஆட்கள்தான். இந்தக் கடை உங்களால் நடக்கிறது. மனமார்ந்த நன்றி.

பதிவு போட்ட நண்பருக்கும் சொல்கிறோம்: டேங்கை இறக்கிச் சுத்தம் செய்யாமல் புது பம்ப் மாட்டிவிடாதீர்கள், அதுவும் போய்விடும். வண்டியைக் கொண்டு வாருங்கள், கூலி இல்லாமல் செய்து தருகிறோம், புது வாஷரும் போட்டுத் தருகிறோம். மற்றவர்களும் பில்டர் மேல் சந்தேகம் இருந்தால் பழைய பில்டரைத் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள். உங்கள் முன்னாலேயே அறுத்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை