சாணி வண்டையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக மாடுகளை அடைத்துவைக்கும் மாட்டுக்கிடை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிடை போடும் மேய்ப்பர்களான கீதாரிகளைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதியவர், வயலில் விழுந்த சாணியை மண்ணுக்குள் கொண்டுபோகிற வண்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அது மனசுக்கு ஒப்பவில்லை.

எங்கள் வயல் மன்னார்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. இந்தச் சித்திரையில் கோடை மழை பெய்த பிறகு, கிடை கிடந்த இடத்தில் ஒரு சாணியைக் குச்சியால் புரட்டினேன். அடியில் விரல் நுழைகிற மாதிரி நாலைந்து துளைகள், ஓரத்தில் தள்ளிவிட்ட புதுமண். ஒரு சாண் ஆழம் வெட்டியதும் எலுமிச்சங்காய் அளவில் ஒரு சாணி உருண்டை வந்தது. உடைத்தால் உள்ளே வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள சுவரையே தின்று வளர்கிற வண்டுப் பிள்ளை அது.

"தாத்தா, வண்டும் சாணியைத்தான் திங்குமா?" என்றாள் பேத்தி. தின்னும், ஆனால் வேறு மாதிரி. வளர்ந்த வண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மென்மையான தாடை, கடிக்க வராது. நுண்ணுயிர்கள் நிறைந்த சாற்றையும் பொடித் துகள்களையும் வடிகட்டி எடுத்துக்கொள்ளும். நாரை மெல்லுவது புழுதான். இவற்றின் முன்னோர்கள் மக்கிய இலைதழையும் காளானும் தின்றவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சாணியும் பாதி மக்கிய புல்தானே! அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த, 7 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய டைனோசர் சாணப் புதைபடிவங்களில் இந்த வண்டுகள் போட்ட துளைகள் இருக்கின்றன. மாடு பிறக்கும் முன்பே தொழில் பழகியவை.

ஆஸ்திரேலியாவில் கங்காரு சாணத்துக்குப் பழகிய வண்டுகளால் மாட்டுச் சாணியைச் சமாளிக்க முடியவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் சாணி காய்ந்து கிடக்க, ஈ பெருகியது. 1960களின் கடைசியிலிருந்து வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நமக்கு அந்தச் செலவே இல்லை.

ஆனால் போன வருஷம் நானே ஒரு தப்பு செய்தேன். மாடுகளுக்குக் குடற்புழு நீக்க ஐவர்மெக்டின் ஊசி போட்டு, அன்றே வயலில் விட்டுவிட்டேன். அந்த மருந்து சாணியோடு வெளியேறி வண்டுப் புழுக்களைக் கொல்லும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது ஊசி போட்டால் இரண்டு வாரம் தொழுவத்திலேயே கட்டி, அந்தச் சாணியைத் தனிக் குழியில் கொட்டுகிறேன்.

எந்தெந்த மருந்து வண்டைப் பாதிக்கும், எத்தனை நாள் மாட்டை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஒரு கால்நடை மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். அடுத்த தை அறுவடை முடிந்து கிடை போடுவதற்குள் வந்தால், கீதாரிகளுக்கும் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்