தவணைப் பரீட்சையில் ஆங்கிலச் செவிமடுத்தலுக்கும் புள்ளி வழங்கக் கோரும் மனு

மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
மாகாணக் கல்வித் திணைக்களம்,
வடக்கு மாகாணம்,
யாழ்ப்பாணம்.

ஊடாக: வலயக் கல்விப் பணிப்பாளர், தென்மராட்சி.

மதிப்பிற்குரிய ஐயா,

தரம் 9, 10, 11 மாணவர்களின் ஆங்கிலச் செவிமடுத்தல், வாசிப்புத் திறன்களைச் சோதித்தல் தொடர்பாக

நான் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது மீசாலையில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு இலவசமாக வகுப்பு எடுத்து வருகிறேன். என்னோடு இந்த மனுவில் கையொப்பமிட்டிருப்பவர்கள் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர். தோட்டம் செய்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஒன்றிரண்டு அரச உத்தியோகத்தர்கள். எழுதியது நான் என்பதால் இதில் குறை இருந்தால் அது என்னையே சாரும்.

நாங்கள் கேட்பது இரண்டு. மாகாண மட்டத்திலோ வலய மட்டத்திலோ தயாரிக்கப்படும் தவணைப் பரீட்சை வினாத்தாளில் ஆங்கில பாடத்துக்கு ஒரு செவிமடுத்தல் பகுதி சேர வேண்டும். வாசிப்புப் பகுதி, பிள்ளை பந்தியை விளங்கினால் மட்டுமே விடை எழுதக்கூடியதாக மாற வேண்டும். இரண்டும் தங்களது அதிகாரத்துக்குள் வருபவை என்று நம்பியே கொழும்புக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறோம்.

தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஏ சித்தி எடுத்த பிள்ளை ஒருத்தி உயர்தரமும் முடித்து வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வேகமாக வந்து, கைபேசியை ஒரு கையால் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டினாள். “சேர், கொழும்பிலையிருந்து கதைக்கினம். என்ன கேக்கினம் எண்டு ஒருக்காக் கேளுங்கோ.” வாங்கிக் கேட்டேன். மறுமுனையில் இருந்த அம்மா நிதானமாகத்தான் பேசினார். நேர்முகத் தேர்வுக்குப் புதன்கிழமை வர முடியுமா, வியாழன் வசதியா என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு அந்தப் பிள்ளையைக் கேட்டேன், புதன்கிழமைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று. கொப்பியில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதிக் காட்டினாள். எழுதியதை வாசி என்றேன். “வெட்னஸ்டே” என்று வாசித்தாள். தொலைபேசியில் வந்தது “வென்ஸ்டே”. பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைக்குக் கண்ணால் தெரிந்த சொல் காதால் தெரியவில்லை.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கில வினாத்தாள் இரண்டும் எழுத்துத் தாள்கள். கேட்டு விடையளிப்பதற்கு அவற்றில் ஒரு புள்ளியும் கிடையாது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கும் இசட் புள்ளியில் சேர்வதில்லை என்பதால் பிள்ளைகள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இந்த இரண்டையும் கடந்து மருத்துவ பீடத்துக்கோ கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்துக்கோ போகிற பிள்ளை, முதல் நாளே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஆங்கிலம் கேட்பது பலருக்கு அன்றுதான் முதல் தடவை.

பாடப்புத்தகம் எழுதியவர்கள் இதை மறக்கவில்லை. செவிமடுத்தல் பயிற்சிகள் அதில் இருக்கின்றன. ஆசிரியர் வாசிக்க, பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் வரும்போது வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. “இதை வீட்டில் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவோம். நானும் அப்படிப் போனவன்தான். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், கடந்தகால வினாத்தாள் செய்விக்க வேண்டும், பெறுபேறு குறைந்தால் அதிபர் கேட்பார். பரீட்சைக்கு வராத பக்கத்தில் முக்கால் மணித்தியாலம் செலவழித்துவிட்டு யாருக்குப் பதில் சொல்வது? ரியூற்றரிகளும் இதே கணக்குத்தான் போடுகின்றன. அவர்களுக்கு அது பிழைப்பு.

ஆனால் இதே யாழ்ப்பாணத்தில் காசு கொடுத்துச் செவிமடுத்தல் படிக்கிற இடங்களும் இருக்கின்றன. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைக்கான வகுப்புகளைத்தான் சொல்கிறேன். அந்தப் பரீட்சையில் செவிமடுத்தலுக்கு 40 கேள்விகள், ஏறக்குறைய 30 நிமிடம். ஒலிப்பதிவை ஒரேயொரு தடவைதான் போடுவார்கள். வாசிப்புக்கு வேறாக 40 கேள்விகள், 60 நிமிடம். அதற்கு ஆயத்தம் செய்கிற எங்கள் பிள்ளைகள் சில மாதத்தில் கேட்டு எழுதப் பழகிவிடுகிறார்கள். ஆகவே பிள்ளைகளின் காதில் குறை இல்லை. நாட்டை விட்டுப் போகிற பிள்ளைக்குக் கேட்கப் பழக்குகிறோம், இங்கே இருக்கப்போகிற பிள்ளைக்குப் பழக்குவதில்லை. இதைப் பெற்றோர் கூட்டத்தில் நான் சொன்னபோது ஒரு தாய், “அப்ப இஞ்சை இருக்கிறவைக்கு ஏன் சேர் ஆங்கிலம்?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், நாங்கள் பரீட்சை வைக்கிற விதம் அவருக்கு அதைத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

போன தவணை விடுமுறையில் சனசமூக நிலையத்தில் ஒரு சின்னச் சோதனை வைத்தேன். ரயில் நிலைய அறிவித்தல் ஒன்றை நானே எழுதி, இரண்டு தடவை வாசித்தேன். கொழும்பிலிருந்து வரும் ரயில் ஐம்பது நிமிடம் தாமதம், இரண்டாம் மேடைக்கு வரும், சிற்றுண்டிச்சாலை மூடியிருக்கும். கேள்விகள் மூன்று. அரைவாசிப் பேருக்கு மேல் ‘பதினைந்து நிமிடம்’ என்று எழுதியிருந்தார்கள். ‘ஃபிஃப்டி’யும் ‘ஃபிஃப்டீனு’ம் அவர்கள் காதில் ஒன்றாகவே விழுந்திருக்கின்றன. திருத்திக் கொடுத்தபோது ஒரு பெடியன் எழும்பி, “பிழையா எழுதினாலும் ரயிலை விடமாட்டம் சேர், முப்பத்தைஞ்சு நிமிசம் முந்திப் போய் நிப்பம்” என்றான். எல்லாரும் சிரித்தோம். ஆனால் மருந்தின் அளவை, வங்கியில் ஒரு தொகையை இப்படிக் கேட்டால் சிரிக்க முடியாது.

வாசிப்பு விடயத்தில் நிலைமை வேறு. அதற்குப் புள்ளி இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளியை வாசிக்காமலே எடுக்கலாம். கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பந்தியில் தேடு, அந்த வசனத்தை அப்படியே தூக்கி எழுது. ‘வை’ என்று கேட்டால் ‘பிகோஸ்’ எங்கே என்று பார். இதை நாங்களே நுட்பம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்த விடுமுறையில் வாசிப்புக்கும் ஒரு பந்தி கொடுத்தேன். கோயிலடிக் கிணறு அந்த வருடம் வற்றிவிட்டது, சனம் குடத்தோடு அயலூருக்கு நடந்தது என்பது அதன் சாரம். ஆங்கிலம் தரம் 7 அளவுதான். சனம் ஏன் அயலூருக்கு நடந்தது என்பது கேள்வி. பந்தியில் ‘பிகோஸ்’ என்ற சொல்லை வேண்டுமென்றே வைக்கவில்லை. தரம் 11 பிள்ளை ஒன்று பந்தியை மேலும் கீழும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “சேர், இதுக்கு விடை போட மறந்திட்டியள்” என்றது. அது கெட்டிக்காரப் பிள்ளை. தமிழில் இதே பந்தியைக் கொடுத்திருந்தால் கேள்வி முடியும் முன்னரே விடை சொல்லியிருக்கும்.

நல்ல வினாத்தாள் ஒன்று படிப்பித்தலையே மாற்றும் என்பதை நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. உயர்தர மாணவருக்குப் பரீட்சை நடத்தும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள் வருகிறது என்றால் உயர்தர வகுப்பு ஆசிரியர்களும் மாணவர்களும் எப்படித் தயாராகிறார்கள் என்பதை இந்த மண்ணில் எல்லோரும் அறிவர். ஆங்கிலத்துக்கும் அப்படி ஒரு தாள் வரட்டும் என்பதே எங்கள் ஆசை.

எழுத்துப் பரீட்சைக்கு வெளியே புள்ளி கொடுப்பது எங்கள் முறைக்கு அந்நியமானதும் அல்ல. சாதாரண தரத்தில் சங்கீதமும் நடனமும் எடுக்கும் பிள்ளைக்குச் செயன்முறைப் பரீட்சை நடக்கிறது. ராகத்தைத் தாளில் எழுதினால் போதாது, பாடிக் காட்ட வேண்டும் என்பதை நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. மொழிக்கு மட்டும் ஏன் காதும் வாயும் வேண்டாம் என்று விட்டோம்? ஜப்பானில் பல்கலைக்கழக அனுமதிக்கான பொதுப் பரீட்சையில் 2006 ஆம் ஆண்டு ஆங்கிலச் செவிமடுத்தல் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு மாணவரின் கையிலும் ஒரு சின்ன ஒலிக்கருவி கொடுத்தார்கள். 2021 இலிருந்து நடக்கும் புதிய பரீட்சையில் வாசிப்புக்கு 100 புள்ளி, செவிமடுத்தலுக்கு 100 புள்ளி. அந்தக் கருவிகள் எங்களுக்குக் கட்டாது. அந்தப் புள்ளிக் கணக்கை மட்டும் பார்க்கலாம்.

“வசதி இல்லை” என்ற பதில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1990 இற்குப் பிறகு போரால் மின்சாரம் இல்லாமல், பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள். ஒருவர் சுற்ற மற்றவர் கேட்பார். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் செய்தியும் தேயும். என் காது ஆங்கிலத்துக்குப் பழகியது அந்தச் சத்தத்தில்தான். இன்று ஒவ்வொரு ஆசிரியரின் சட்டைப்பையிலும் கைபேசி இருக்கிறது. வகுப்பறைக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வேண்டும். அதைப் பழைய மாணவர் சங்கங்களிடம் கேட்டால் தட்டமாட்டார்கள்.

நடத்தும் முறை பற்றி அனுபவத்தில் பட்டதைத் தங்கள் பரிசீலனைக்குத் தருகிறேன். ஒலிப்பதிவை வட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பினால் அன்றிரவே ரியூற்றரியில் ஒலிக்கும். ஆகவே வினாத்தாள் பொதிக்குள்ளேயே பென்டிரைவும் முத்திரையிட்டு வரட்டும். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகேறிப் போகும் பொதிக்குள் அதுவும் போகட்டும். ஸ்பீக்கர் வேலை செய்யாவிட்டால், அதே கோட்டத்தில் வேறு பாடசாலையின் ஆங்கில ஆசிரியர் ஒருவர் எழுத்துப் பிரதியைப் பார்த்து வாசிக்கலாம். தன் பிள்ளைகளுக்குத் தானே வாசித்தால் விடை வரும் சொல்லில் குரல் தன்பாட்டில் ஏறும். எனக்கே ஏறும். பிள்ளைகள் கேள்வியை முதலில் வாசிக்க இரண்டு நிமிடம் கொடுத்து, பதிவை இரண்டு தடவை போட வேண்டும். விடைகள் அடையாளமிடுவதாகவோ, எண், நாள், பெயர் எழுதுவதாகவோ இருந்தால் நல்லது. எழுத்துக்கூட்டல் பிழைக்குப் புள்ளி வெட்டினால் நாங்கள் சோதிப்பது மறுபடியும் எழுத்தைத்தான். செவிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியில் விலக்களித்து, மற்றப் பகுதிகளின் புள்ளியை நூறுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

குரல் யாருடையது என்பது முக்கியம். வெள்ளைக்காரரின் உச்சரிப்பைத் தேடிப் போக வேண்டாம். எங்கள் பிள்ளை நாளை ஆங்கிலத்தில் பேசப்போவது கண்டியிலும் காலியிலும் உள்ள சிங்கள உத்தியோகத்தரோடு, கொழும்பு வியாபாரியோடு, இந்திய வைத்தியரோடு. இந்தக் குரல்கள் எல்லாம் பதிவில் வரட்டும். எங்கள் மாகாணத்து ஆங்கில ஆசிரியர்களே பாதியைப் பதிவு செய்து தரலாம்.

வாசிப்புப் பகுதிக்குப் புத்தகத்தில் இல்லாத பந்தி வேண்டும். ஒரு தவணை மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள், இன்னொரு தவணை மின்சார சபையின் அறிவித்தல், பிறகு ஒரு சின்னக் கதை. விடையைத் தமிழில் எழுதக்கூடிய ஒரு கேள்வியையும் வைத்துப் பார்க்கலாம். விளங்கியதா என்று அறிய அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. சக ஆசிரியர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

செவிமடுத்தலுக்கு 20 நிமிடம், 20 புள்ளி போதும். முதலில் தென்மராட்சி வலயத்தில் ஒரு தவணை நடத்திப் பார்க்கலாம். மாரி தொடங்குமுன் வரும் தவணையாக இருந்தால் நல்லது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது எந்த ஸ்பீக்கரும் எடுபடாது.

கடைசியாக ஒன்று. தேர்ச்சி அறிக்கையில் ஆங்கிலத்துக்கு நேரே இப்போது ஒரே எண் இருக்கிறது. 68 என்று இருந்தால் தகப்பன் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அந்தக் கட்டத்தை மூன்றாகப் பிரித்துச் செவிமடுத்தல், வாசிப்பு, எழுத்து என்று தனித்தனியே புள்ளி போட்டால் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது வீட்டுக்கும் தெரியும், வகுப்பாசிரியருக்கும் தெரியும். இதற்குச் செலவு, அச்சகத்தில் இரண்டு கோடு. தங்கள் பரிந்துரையோடு இந்த அனுபவத்தைப் பரீட்சைத் திணைக்களத்துக்கு அறிவிக்கவும் வேண்டுகிறோம்.

நான் தயாரித்த மூன்று மாதிரி வினாத்தாள்களை எழுத்துப் பிரதியுடனும் ஒலிப்பதிவுடனும் இணைத்திருக்கிறேன். தங்கள் ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகர்கள் பார்த்துத் திருத்தித் தந்தால் சம்பளம் எதுவும் எதிர்பாராமல் மேலும் செய்து தருவேன். எங்கள் சனசமூக நிலைய மண்டபம் சனிக்கிழமைகளில் காலியாக இருக்கும். ஒத்திகை வைக்க விரும்பினால் கதிரைகள் தயார். நேரில் விளக்க நேரம் ஒதுக்கித் தந்தால் பெற்றோர் இருவருடன் வருவேன்.

நன்றி.

இங்ஙனம்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பெற்றோர் சார்பாக,
மீசாலை.

இணைப்பு: மாதிரி வினாத்தாள்கள் 3, பென்டிரைவ் 1, பெற்றோரின் கையொப்பத் தாள்.