27 விதிகளும் அவற்றைத் தந்தவர்களும்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

நகரும் ரோபோக்களுக்கான ஃபஸி லாஜிக் கட்டுப்பாடு பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அதன் நன்றியுரைப் பக்கத்தில் பெயர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. யார் சொன்ன சொல் எந்த விதியாயிற்று என்பதை அங்கே எழுத வழியில்லை. விவரம் தெரிந்தவர் சொல்வதை ‘இப்படி இருந்தால் இப்படிச் செய்’ என்று எழுதி வைப்பதே ஃபஸி முறை. அதனால் இந்தக் கடனை விதிவாரியாகச் சொல்வதுதான் முறை.

முதலில் ஆய்வு நெறியாளர். ரோபோவின் முன்புற அரைவட்டத்தில், ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தால் தூரம் அளக்கும் 8 அல்ட்ராசானிக் உணரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அருகு, நடுத்தரம், தொலைவு என மூன்று கணங்கள் (ஒரு தூரம் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 1 வரை மதிப்பிடும் வகைகள்) வைத்தால் 6,561 விதிகள் வேண்டும். எழுதலாம், சரிபார்க்க முடியாது. இடப்பக்கம் 3, முன்னே 2, வலப்பக்கம் 3 என்று தொகுக்கச் சொன்னார். விதிகள் 27 ஆகச் சுருங்கின. தொகுதிக்குள் சராசரி எடுக்காமல் ஆகக் குறைந்த தூரத்தை எடுக்கச் சொன்னதும் அவரே. ஓர் உணரி 30 செ.மீ. காட்டி மற்ற இரண்டும் 3 மீட்டர் காட்டினால் சராசரி 2.1 மீட்டர் ஆகிவிடும். நாற்காலிக் கால் அந்தக் கணக்கில் மறைந்து போகும்.

ஆய்வுக்கூடத் தொழில்நுட்ப அலுவலர் இல்லாமல் விதிகள் ஓடத் தொடங்கியே இருக்காது. மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து கட்டுப்பாட்டுப் பலகை தானாக மீண்டும் தொடங்கிவிடும். பார்ப்பவர் விதியில்தான் பிழை என்று நினைப்பார். மோட்டாருக்கும் பலகைக்கும் தனித்தனி மின்வழி, இரண்டுக்கும் பொதுவான தரை இணைப்பு, மோட்டார் முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி: இதுதான் அவர் தந்த மருந்து. உணரியின் எக்கோ கம்பி, அதாவது எதிரொலிக் குறிப்பைப் பலகைக்குத் தரும் கம்பி, 5 வோல்ட் தருகிறது, 3.3 வோல்ட் பலகை அதைத் தாங்காது. 1,000 ஓம், 2,000 ஓம் மின்தடைகளை வரிசையாக வைத்து நடுவிலிருந்து எடுத்தால் போதும். செருகு கம்பிகள் அதிர்வில் கழன்றுவிடும், பூட்டுள்ள கனெக்டர் வாங்குங்கள் என்று வற்புறுத்திய, சிம் லிம் டவர் மின்னணுப் பாகக் கடைக்காரருக்கும் இங்கேயே நன்றி. அவர் விற்பனைக்காகச் சொல்லவில்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஓட்டிப் பார்க்க இடம் தந்த நகர மன்றத்துக்கும் வசிப்போர் குழுவுக்கும் பட்ட கடன் பெரிது. ஆய்வுக்கூடத்தில் எல்லா ரோபோவும் கெட்டிக்கார ரோபோதான். கீழ்த்தளத்தில் வழவழப்பான சாயம் பூசிய சுவர் இருக்கிறது. ஒலி அதில் சாய்வாகப் பட்டால் திரும்பி வராமல் வேறு பக்கம் தெறிக்கும், உணரி ‘தொலைவு’ என்று கூசாமல் சொல்லும். கல்யாணத்துக்கு அடுக்கிய மடக்கு நாற்காலிகளின் கால்கள் மெலிந்தவை. ரோபோவில் 20 செ.மீ. உயரத்தில் சுழலும் லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி), தரையில் கிடக்கும் செருப்பைப் பார்க்காது; கண்ணாடிக் கதவு வழியாக ஒளி கடந்து போவதால் கதவையும் பெரும்பாலும் பார்க்காது. லைடார், உணரி இரண்டில் எது குறைந்த தூரம் காட்டுகிறதோ அதையே நம்பு என்ற ஏற்பாடு அந்தத் தளத்தில் பிறந்தது.

ஃபஸி லாஜிக் எல்லாப் பிழையையும் விழுங்கிவிடும் என்று எழுதுவோர் உண்டு. இல்லை. குளிரூட்டிய அறையில் 23 பாகை, வெளியே 32 பாகை என்றால் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1.6 விழுக்காடு மாறும். 2 மீட்டரில் 3 செ.மீ. பிழை. இதை ஒன்றோடொன்று மேற்கவியும் கணங்கள் தாங்கிக்கொள்ளும். தெறித்துப்போன எதிரொலியை எந்தக் கணமும் தாங்காது, அது உணரி மட்டத்திலேயே தீர வேண்டியது. எட்டு உணரிகளையும் ஒரே நேரத்தில் இயக்கினால் ஒன்றின் ஒலியை மற்றொன்று கேட்கும். ஒவ்வொன்றாக, 60 மில்லிவிநாடி இடைவெளியில் இயக்கினால் ஒரு சுற்றுக்கு 480 மில்லிவிநாடி, விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் ரோபோ அதற்குள் 14 செ.மீ. குருடாகப் போயிருக்கும். ஒன்றையொன்று பார்க்காத இரண்டிரண்டாக இயக்கினால் அது 7 செ.மீ.

சக்கர நாற்காலியில் தினமும் அந்த நடைபாதையில் போய்வரும் பெரியவருக்குத் தனி நன்றி. ரோபோ 40 செ.மீ. அகலம், நடைபாதை 1.2 மீட்டர், இருபுறமும் மிஞ்சுவது 40 செ.மீ. தான். 50 செ.மீ. வரை முழுமையாக ‘அருகு’ என்று வைத்தால் வெறும் நடைபாதையிலேயே ரோபோ நின்றுவிடும். “ரெண்டு சுவரையும் பார்த்துப் பயந்தா போக முடியாது தம்பி, முன்னால பார்த்து மெதுவாப் போகணும்” என்றார் அவர். ‘இருபுறமும் அருகு, முன்னே தொலைவு என்றால் நேரே, மெதுவாக’ என்ற விதி அப்படியே அவருடையது. ‘அருகு’ 20 செ.மீ. வரை முழுமை, 60 செ.மீ.யில் பூஜ்யம் என்றும் மாற்றப்பட்டது. ‘நடுத்தரம்’ 20 செ.மீ.யில் தொடங்கி 60இல் உச்சம் தொடுகிறது, 40 செ.மீ.யில் இரண்டும் 0.5 என்று சந்திக்கின்றன. இந்தச் சரிவு செங்குத்தானால் ரோபோ சுவருக்குச் சுவர் பாம்பாய் நெளியும்.

துப்புரவுப் பணி செய்யும் அக்கா சொன்னது இன்னொரு விதி. முன்னே மட்டும் தடை, இரு பக்கமும் சமமாகத் திறந்திருக்கிறது என்றால் எங்கே திரும்புவது? அட்டவணை சமச்சீரானால் விடை பூஜ்யம், ரோபோ தூணை நேரே பார்த்தபடி நிற்கும். இங்கே ஆட்கள் இடப்பக்கம் ஒதுங்குவார்கள், அதுவும் அப்படியே ஒதுங்கட்டும் என்றார். திரும்பத் தொடங்கியபின் 1 விநாடிக்குத் திசை மாற்றாதே என்பதை மட்டும் நாங்கள் சேர்த்தோம்; இல்லாவிட்டால் உணரி இரைச்சலில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும்.

எந்த விதியும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்ட தேர்வாளருக்கும் நன்றி. நாங்கள் பயன்படுத்திய சுகேனோ முறையில் விடை என்பது, ஒவ்வொரு விதியும் எவ்வளவு பொருந்துகிறதோ அதையே எடையாக வைத்து எடுக்கும் சராசரி. கணங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் எடைகளின் கூட்டல் பூஜ்யமாகி, வகுத்தல் கெட்டு, மோட்டார் பழைய வேகத்திலேயே ஓடக்கூடும். கூட்டல் 0.01க்குக் கீழே போனால் நில் என்ற ஒரு வரி அவருக்காகச் சேர்ந்தது. 1965இல் ஃபஸி கணங்களை முன்வைத்த லொட்ஃபி ஸாதே, 1975இல் நீராவி இயந்திரத்தை வாய்ச்சொல் விதிகளால் ஓட்டிய மம்தானி, அசிலியான், 1985இன் தகாகி, சுகேனோ ஆகியோருக்கு ஆய்வேட்டிலேயே வணக்கம் சொல்லியாயிற்று.

ரோபோ ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது, விதி அட்டவணை அதன் மூடிக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது. அடுத்து எடுப்பவர்கள் மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியைச் செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நாள்கணக்கில் வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் தொழில்நுட்ப அலுவலரிடம் கொடுங்கள்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்
சிங்கப்பூர்