காவேரிப்பட்டணத்திலிருந்து மாதையனுக்கு

அன்புள்ள மாதையா,

நலம்தானே? இங்கே எல்லாரும் சௌக்கியம். பெங்களூரா மாங்காய்க்கு ஆலைக்காரர்கள் இந்த வருஷமும் ஒழுங்காக விலை கட்டவில்லை. அண்ணன் தோப்பை வெட்டிவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ வந்தால் கூடை கூடையாக ஏற்றி அனுப்புவோம், பஸ்ஸில் இடம் இல்லை என்று தப்பிக்க முடியாது. கணக்கு வாத்தியார் உன்னை விசாரித்தார். எதற்காக என்று உனக்கே தெரியும்.

எழுத உட்கார்ந்தது அக்கா மகளுக்காக. வங்கதேசத்தில், கொமில்லாவில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாளே, லீவுக்கு வந்திருக்கிறாள். அரசு வேலை இடஒதுக்கீட்டை எதிர்த்து அங்கே மாணவர்கள் போராடிய 2024 ஜூலை பற்றி இத்தனை நாள் வாயே திறக்காதவள், நேற்று ராத்திரி அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

அந்த ஜூலை 18-க்கு அப்புறம் நாம் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது உனக்கும் நினைவிருக்கும். அக்கா சாப்பிடவே இல்லை. அங்கே விடுதியில் இவர்களுக்கு இருந்தது டி.வி. மட்டும்தானாம். எரிந்த கட்டடங்கள், உடைந்த மெட்ரோ ஸ்டேஷன், திரும்பத் திரும்ப அதுவே. செத்த பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லையாம். அப்போதைய பிரதமர் ஹசீனா 25-ஆம் தேதி மீர்பூர் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போய்க் கண்கலங்கினார், அதுவும் செய்தி. ரங்பூரில் கையை விரித்து நின்ற மாணவன் அபு சயீதைப் போலீஸ் சுட்டதை ஊரே வீடியோவில் பார்த்திருந்தது. போலீஸ் எழுதிய வழக்கிலோ, கூட்டம் சுட்டதிலும் எறிந்த கல்லிலும் விழுந்தான் என்று இருந்தது.

தரவு மையத்தில் தீப்பிடித்ததால் இணையம் போனது என்றார் அமைச்சர். ஹசீனா ஆட்சி போன பிறகு விசாரித்தால், தீக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அமைச்சர் வாய்மொழியாகச் சொல்லித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிவது இங்கேதான், மாதையா. எழுத்தில் ஒரு உத்தரவு இருந்தால் அதைக் கோர்ட்டில் வைத்துக் கேட்கலாம். வாயால் சொன்னதை யாரிடம் போய்க் கேட்பது? ஐ.நா. விசாரணை 2025-இல் சொன்ன கணக்கில் செத்தவர்கள் 1,400 பேர் வரை. அந்த நாட்களில் பிரதம் ஆலோ பத்திரிகை நிருபர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் எண்ணாமல் இருந்திருந்தால், அன்றைக்கே கேட்க ஒரு கணக்கும் இருந்திருக்காது.

எங்கோ நடந்தது என்று விட முடியவில்லை. 2018-இல் தூத்துக்குடியில் 13 பேரைச் சுட்ட மறுநாள் நம் அரசும் மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியது. நிறுத்தினால் உத்தரவை வெளியிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2020-இல்தான். இன்றைக்கும் தனியார் எஃப்.எம். எதுவும் சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்ல முடியாது, ஆகாசவாணி சொல்வதைத்தான் சொல்லலாம். இதை ஏன் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை?

அப்புறம், இங்கே பக்கத்தில் ஒரு கல்லூரிப் பிள்ளைகள் பஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கேபிள் டி.வி. பையன் வந்து படம் எடுத்துக்கொண்டு போனான். ராத்திரிச் செய்தியில் வரவில்லை. கேட்டால், "போன் வந்துச்சுண்ணா" என்கிறான். யாரிடமிருந்து என்று சொல்ல அவனுக்குப் பயம். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டுமே அவனுக்கு.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். உன் அப்பா 65 இந்தி எதிர்ப்பில் சேலம் கல்லூரியில் இருந்தவர். அப்போது அரசுக் கணக்கில் செத்தவர்கள் சுமார் 70, பல நூறு என்பவர்களும் உண்டு. அவர் கண்ணால் பார்த்தது, பக்கத்தில் நின்றவர் பேர், எந்தத் தெரு, எந்தத் தேதி, எல்லாவற்றையும் போனில் பதிவு செய். அவர் பேசும்போது நடுவில் நீ புகுந்து திருத்தாதே. உன் வழக்கம் அது. அக்கா மகளும் தன்னுடையதை எழுதிக்கொண்டிருக்கிறாள், அகர்தலா வழியாகத் திரும்பி வந்தது வரை. முடித்ததும் அனுப்புகிறேன். பெரியவருக்கு என் வணக்கம்.

உன்,
கோவிந்தன்