இரண்டு கொக்குத்தொடுவாய்

முள்ளியவளை,
மாசி மாதம்.

அன்புள்ள மச்சான்,

பதில் எழுதத் தாமதமானதற்கு ஏசாதே. காலபோக அறுவடை முடிந்து, நெல்லைக் காயப்போட்டு மூட்டை கட்டும்வரை வீட்டில் ஒருவருக்கும் நிமிர நேரமில்லை. தண்ணிமுறிப்புக் குளத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. சிறுபோகமும் கொஞ்சம் செய்து பார்ப்போம் என்கிறார் அப்பா.

எங்கள் சங்கத்தின் விதைநெல் கணக்குக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒரு கூத்து நடந்தது. ஊர்வாரியாகக் கூட்டினால் குமுழமுனைக்கு ஒரு வரி, அளம்பிலுக்கு ஒரு வரி; கொக்குத்தொடுவாய்க்கு மட்டும் இரண்டு வரி. ஒன்றில் 212 புசல், மற்றதில் 38. "இதென்ன தம்பி, ஊரைப் பிரித்துவிட்டார்களா?" என்று செயலாளர் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

இரண்டு பெயர்களின் நீளத்தையும் பைத்தானிடம் கேட்டபோதுதான் பிடிபட்டது. ஒன்று மற்றதைவிட இரண்டு கூட. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யுனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒரே துண்டாக வந்தால் இரண்டு குறியீடுகள். கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் மூன்று. இந்த ஊரில் 'கொ'வும் உண்டு, 'தொ'வும் உண்டு. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய பட்டியல், யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டியது. அதை யுனிகோடுக்கு மாற்றி எடுத்தபோது கொம்பும் காலும் பிரிந்தே வந்திருக்கின்றன.

மருந்து ஒரு வரிதான். பைத்தானோடு வரும் யுனிகோட்டேட்டா தொகுதியைக் கொண்டு பெயர்களை என்எஃப்சி என்ற ஒட்டிய வடிவத்துக்கு மாற்றினால் பிரிந்தவை ஒட்டிக்கொள்ளும். கால் போட வேண்டிய இடத்தில் 'ர' போட்டவர்களை அதுவும் திருத்தாது. அந்த வேலை என் தலையில்தான். ஆனால் அந்த ஒரு வரியை எங்கே போடுவது? என்னிடம் ஏழு ஸ்கிரிப்டுகள், ஏழும் பட்டியலைத் தாமே திறந்து வாசிப்பவை. சோம்பலில் ஒன்றைப் படியெடுத்து ஒன்றாக வளர்த்த பாவம். கடைசியில் வாசிக்கும் வேலையைத் தனிக் கோப்புக்கு மாற்றி, மற்றவை அதைக் கூப்பிடும்படி செய்தேன். நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளுக்குப் பக்கத்தில் வேறு கோப்புறை. 'டெஸ்ட்' என்று பெயர் தொடங்கினால் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி தானே தேடிப் பிடித்து ஓட்டிவிடுகிறது. நான் நிரல் எழுதும் விஎஸ் கோடில் இடப்பக்கக் குடுவைப் படத்தை அழுத்தினால் தேறியவை பச்சையும் தோற்றவை சிவப்புமாக வரிசை தெரியும்.

இனித்தான் நான் ஏமாந்த கதை. இரண்டு வடிவங்களும் ஒரே ஊராக வர வேண்டும் என்று சோதனை எழுதினேன். முதல் தடவையே பச்சை. சந்தேகம் வந்து அந்தத் திருத்த வரியை நீக்கி ஓட்டினேன், அப்போதும் பச்சை! நான் விசைப்பலகையில் தட்டிய இரண்டு பெயர்களும் ஒட்டிய வடிவத்திலேயே இருந்திருக்கின்றன. பிறகு கொம்பையும் காலையும் குறியீட்டு எண்களாகவே எழுதினேன். அப்போதுதான் சிவப்பு வந்தது. வரியைத் திரும்பப் போட்டதும் பச்சை. இப்போதெல்லாம் எந்தச் சோதனையையும் ஒருமுறை சிவப்பாகப் பார்க்காமல் நம்புவதில்லை.

உதவிக்கு வரும் பிள்ளையும் ஒரு நாள் முழுவதும் மண்டையை உடைத்தாள். தன் ஸ்கிரிப்டுக்குச் 'சிஎஸ்வி' என்று பெயர் வைத்திருந்தாள். பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையில்தான் முதலில் தேடும். ஆகவே பட்டியல் கோப்புகளை வாசிக்கத் தன்னோடு வரும் சிஎஸ்வி தொகுதியை விட்டு அவளுடையதையே எடுத்துக்கொண்டது. பெயரை மாற்றியதும் ஓடியது. சிரித்தேன், நானும் ஒருகாலத்தில், பைத்தானோடு வரும் இன்னொரு தொகுதியின் பெயரான 'ரேண்டம்' என்று வைத்தவன்தான்.

உன் பெரிய திட்டத்தில் சோதனைக்கான மாதிரித் தரவை எங்கே வைக்கிறாய்? உண்மையான பட்டியலில் ஆட்களின் பெயர்கள் இருப்பதால் அதைச் சோதனைக்குள் போட மனமில்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வருவாய்தானே? மடிக்கணினியையும் கொண்டு வா. அம்மா உனக்கென்று புது நெல்லில் ஒரு மூட்டை எடுத்து வைத்திருக்கிறா.

உன்,
பின்வாங்கில் பக்கத்தில் இருந்தவன்